மிளகை யாரும் கேட்கவில்லை

கால்நடை மருத்துவரின் காத்திருப்பு அறையில் என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "மிலாகு வேலாயுதம்!" நாய்களும் பூனைகளும் அவற்றின் ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தேன். வேலாயுதம் என்கிறவர் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போட்டுக்கொண்டிருந்தவர். இறந்து சில வருஷம் ஆகிறது. ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர, இங்கே வந்ததில்லை. இந்த நாட்டில் ஒருவனுக்குக் குடும்பப் பெயர் இருந்தே ஆகவேண்டும். எங்களுக்கு அப்படி ஒன்று வழக்கமில்லை என்றால் எந்த அலுவலக மேசையிலும் நம்புவதில்லை. எதையோ மறைக்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். எனவே அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கினேன். அது முதலில் எனக்கு வந்தது, பிறகு என் மனைவி அஞ்சலைக்கு, பிறகு இரண்டு மகள்களுக்கு. கடைசியாக, கூண்டுப்பெட்டியில் உட்கார்ந்து மூக்கை ஆட்டிக்கொண்டிருந்த கறுப்பு முயலுக்கு.

முயலின் பெயர் மிளகு. இளைய மகள் வாங்கி வளர்த்தது. படிப்புக்காக அவள் வேறு நகரத்துக்குப் போனபோது எங்களிடம் விட்டுப்போனாள். பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கர்ப்பப்பையில் கட்டி வரும், அதற்கு முன்பே அதை எடுத்துவிடுவது நல்லது என்று மருத்துவர் அம்மா சொன்னார். மகள் தொலைபேசியில் சரி என்றாள். நான் சரி என்றேன். அஞ்சலை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கூப்பிடுவதற்கு முன், வரவேற்பு மேசையில் இருந்த பெண் அஞ்சலையிடம் முயலின் முழுப்பெயரைக் கேட்டாள். "மிளகு" என்று சொல்லிவிட்டு அஞ்சலை நிறுத்திக்கொண்டாள். குடும்பப் பெயர்? அஞ்சலை என்னைக் கை காட்டினாள். அவள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். எழுதச் சொன்னால் எழுதுவாள். அவள் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை "ஃப்ராவ் வேலாயுதம்", திருமதி வேலாயுதம், என்றுதான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்ப்பாள், பதில் சொல்வாள். தானாக அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. மேசைப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? சொந்த முயலின் பெயரைச் சொல்லத் தெரியாத ஒருத்தியைப் பார்த்த பார்வையாக அது இருந்தது. முயல் உங்களுடையதுதானே என்று இரண்டு தடவை கேட்டாள்.

பிறகு அவள் சொன்ன ஒரு விஷயம்தான் அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. ஆப்பரேஷனுக்கு முன்னால் முயலைப் பட்டினி போடக்கூடாதாம். கையோடு தீனி கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"கத்தி வெக்கறதுக்கு முன்னாடி தின்னச் சொல்றாளா? இவளுங்கல்லாம் இன்னாத்தப் படிச்சாளுங்க?" என்றாள் அஞ்சலை.

"முயலுக்கு அப்படித்தானாம்."

"நீங்க இன்னா சொன்னாலும் நம்புவீங்க. பேப்பர்ல எழுதிக்கினு இருந்தவருதானே."

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன். அங்கே கற்றது ஒன்றுதான்: யார் சொன்னாலும் நம்பாதே, நம்பாததை முகத்தில் காட்டாதே. அஞ்சலை முதல் பாதியை எனக்கு மேல் கற்றவள். முயலை விட்டுவிட்டு வெளியே வந்ததும் திரும்பிக் கதவைப் பார்த்தாள். "உள்ள இன்னா பண்றாங்கன்னு யாருக்குத் தெரியும்" என்றாள்.

வீட்டு வாசலில் எதிர்வீட்டு ஹெர் ப்ராண்ட் நின்றிருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே தோட்டத்துண்டில் அவரும் முயல் வளர்க்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் கூண்டுகள் காலியாகிவிடும். வெறும் பெட்டியோடு வரும் எங்களைப் பார்த்து, "முடிந்ததா?" என்று கேட்டுக் கழுத்தருகே கையை இழுத்துக் காட்டிச் சிரித்தார். நாங்கள் அறுத்துத் தின்றுவிட்டோம் என்று அவர் நினைத்தார். அவர் எங்கள் முயல்மீது கண் வைத்திருக்கிறார் என்று அஞ்சலை நெடுநாளாக நினைக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள உறவு அவ்வளவுதான்.

ஆப்பரேஷன் என்ற சொல் எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஒரே ஒரு பொருளில்தான் வழங்கியது. குடலுக்குச் செய்தால் குடல் ஆப்பரேஷன், கண்ணுக்குச் செய்தால் கண் ஆப்பரேஷன். வெறும் ஆப்பரேஷன் என்றால் குடும்பக் கட்டுப்பாடு. "அவ ஆப்பரேஷன் பண்ணிக்கினா" என்றால் மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். எண்பதுகளின் பின்பாதியில், இட ஒதுக்கீட்டுக்காக வடமாவட்டங்களில் சாலை மறியல் நடந்த அந்த வாரத்துக்குச் சற்று முன்பு, நான் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். மலையில் சாமை விளைச்சல் பற்றி எழுதுவதாக எண்ணம். ஒரு ஜீப்பில் இடம் பிடித்துக் கச்சிராயபாளையம் வழியாக ஏறினேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஜீப் நின்றபோது ஊரில் ஆளே இல்லை. அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நெடுநேரம் கழித்து ஒரு கிழவர் மட்டும் சாமைக் கொல்லையிலிருந்து வெளியே வந்தார்.

"ஆப்பரேஷனுக்குப் புடிக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. நான் பேப்பர்காரன்."

"பேரு எழுதிக்கினு போவீங்களா?"

"எழுதமாட்டேன்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அந்த ஜீப்பின் சத்தம் கேட்டதும் ஊரே காட்டுக்குள் போயிருந்தது. என்னைச் சுகாதாரத் துறை ஆள் இல்லை என்று நம்பவைக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. அதன்பின் இறங்க முயன்றால் வழியில்லை. கீழே மறியல் தொடங்கிவிட்டது. சாலையோரப் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன, பாலங்கள் அருகே பள்ளம் தோண்டப்பட்டது, பேருந்துகள் நிறுத்தப்பட்டன. பிறகு நான் எழுதியனுப்பிய செய்திகள் எல்லாமே இப்படி 'பட்டன', 'பட்டது' என்றே முடிந்தன. யார் வெட்டினார்கள் என்று எழுத முடியாது. கோடரி வைத்திருந்தவனைப் போலீஸ் சந்தேகப்பட்டது, குறிப்பேடு வைத்திருந்தவனை எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். நான் நடந்து ஊர் வந்து சேர்ந்தபோது அஞ்சலை கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள், பக்கத்தில் கைக்குழந்தையாக இளையவள். "ஆப்பரேஷன் ஆயிடுச்சி" என்றாள் என் அம்மா. இந்த வாக்கியத்திலும் செய்தவர் யார் என்பது இல்லை. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு பிள்ளை போதும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததுதான்.

மிளகு மறுநாள் வீட்டுக்கு வந்தது. வயிற்றைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு சிறு சட்டை, தையலைக் கடித்துவிடாமல் இருக்க. சமையலறை மூலையில் முதுகைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தது. கண் பாதி மூடியிருந்தது. மருத்துவர் அம்மா என்னிடம் அழுத்திச் சொல்லியிருந்தார்: முயலுடைய குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் உயிர் போய்விடும். தின்கிறதா, புழுக்கை போடுகிறதா, இரண்டையும் பாருங்கள். 'ஹோய்' என்று இங்கே சொல்லும் காய்ந்த புல்லை ஒரு கைப்பிடி அதன் முன்னால் வைத்துவிட்டு, வலிமருந்தைக் கொடுத்துவிட்டு, நான் வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் புல் இல்லை. தின்றுவிட்டது என்று மகளுக்குச் சொன்னேன். மறுபடி வைத்தேன். அதுவும் காலியாயிற்று. ஆனால் புழுக்கை ஒன்றுகூட விழவில்லை. தரையில் மண்டியிட்டு, அலமாரிக்கு அடியிலும் பார்த்தேன்.

உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. அப்படியானால் குடலில் எங்கோ தவறாகத் தைத்திருக்கிறார்கள். எனக்கு மருத்துவர்மீது சந்தேகம் வந்தது. அந்த அம்மாவின் இளவயது, அவர் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்ட விதம், மேசைப் பெண் எங்களைப் பார்த்த பார்வை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு செய்தியாகத் திரண்டன. அடைப்பு என்று தலைப்பே எழுதிவிட்டேன் மனத்துக்குள். செய்தி இவ்வளவு நேர்த்தியாகத் திரளும்போது நிருபன் நின்று யோசிக்கவேண்டும். நான் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலை நான் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது மருத்துவர் இடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அஞ்சலை எடுத்தாள். நான் உள்ளே நுழையும்போது அவள் கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"உடனே தூக்கிக்கினு வரச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"இன்னா கேட்டாங்க?"

"மிளகைக் கேட்டாங்களான்னு கேட்டாங்க. இல்ல, யாரும் கேக்கலன்னு சொன்னேன். உடனே அந்தப் பொண்ணு குரலே மாறிப் போச்சி."

"மிளகை யார் கேக்கறது? எதுக்குக் கேக்கறது?"

"ஆப்பரேஷன் பண்ணலாமான்னு. வேற எதுக்கு?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஜெர்மன்காரர்களிடம் சாப்பிடுவதற்கு இரண்டு சொற்கள் உண்டு. மனிதர் சாப்பிட்டால் 'எஸ்ஸன்', விலங்கு தின்றால் 'ஃப்ரெஸன்'. அஞ்சலைக்கு முதல் சொல் நன்றாகத் தெரியும். சலவைக்கூடத்தில் துருக்கிப் பெண்களும் போலந்துப் பெண்களும் தினமும் கேட்கும் சொல். இரண்டாவது சொல்லுக்கு அவள் வாழ்க்கையில் தேவை வந்ததில்லை. 'ஹாட் ஸீ கெஃப்ரெஸன்', அவள் தின்றாளா, என்று மருத்துவமனைப் பெண் கேட்டிருக்கிறாள். அஞ்சலையின் காதில் அது 'கெஃப்ராக்ட்' என்று விழுந்திருக்கிறது. கேட்டார்களா. அவள் தன் முழு ஜெர்மனையும் திரட்டிப் பதில் சொல்லியிருக்கிறாள்: "நைன். நீமாண்ட் ஹாட் கெஃப்ராக்ட்." இல்லை, ஒருவரும் கேட்கவில்லை.

"தின்னுச்சான்னு கேட்டிருக்காங்க. தின்னுதுன்னு சொல்லியிருக்கலாமே. வெச்ச புல்லெல்லாம் காலியாயிடுதே?" என்றேன்.

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. "அது எங்க தின்னுச்சி?" என்றாள். பின்பக்கத்துப் பால்கனிக் கதவைத் திறந்தாள். துணிக் கிளிப்புகள் போடும் கூடைக்குப் பின்னால் கடைப்பை ஒன்று இருந்தது. அதில் நான் வைத்த புல் முழுவதும் இருந்தது, கசங்காமல், மடித்து.

"நீ ஏன் எடுத்த?"

"பத்தியம். வயித்த அறுத்துட்டு வந்த உயிருக்கு முன்னால கட்டுக்கட்டாப் புல்லக் கொட்டுறீங்க. தையல் பிரிஞ்சி குடலு வெளிய வந்தா உங்க டாக்டரம்மாவா வந்து பாக்கும்? மூணு நாளு வயிறு காஞ்சாத்தான் புண்ணு ஆறும்."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நான் படுத்துக் கெடந்தவ."

பேருந்துக்காகக் காத்திருந்த இடத்திலும், பேருந்திலும், மடியில் பெட்டியை அணைத்தபடி அவள் சொன்னாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாததை, யாருக்கும் தமிழ் தெரியாத பேருந்தில், சத்தமாகவே சொன்னாள். அந்த வாரம் என் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போனது குழந்தைக்கு ஊசி போட என்று. பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் முகாம் நடந்துகொண்டிருந்தது. அம்மா அங்கே ஒரு நர்சிடம் பேசினாள். நர்சு பெயர் எழுதும் பெண்ணிடம் பேசினாள். "அத்தைகிட்ட கேட்டாங்க, அத்தை பக்கத்து வூட்டுக்காரிகிட்ட கேட்டுச்சி, அவ மவ ஆப்பரேஷன் பண்ணிக்கினு நல்லா கீறான்னு சொன்னா. எல்லாரும் எல்லாரையும் கேட்டாங்க. என்ன மட்டும் பாய்ல படுன்னாங்க." பக்கத்துப் பாயில் ஒருத்தி தாகம் தாங்காமல் ஒளித்து வைத்த தண்ணீரைக் குடித்தாள். வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருப்பிக் கொண்டுவரவில்லை, என்ன ஆனாள் என்று யாரும் சொல்லவுமில்லை. அஞ்சலை உதட்டை நனைக்கவும் மறுத்துக் கிடந்தாள். "அவ குடிச்சா, போயிட்டா. நான் குடிக்கல, இருக்கேன். இதுக்கு மேல எனக்கு இன்னா தெரியணும்?"

"உன்னக் கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் அஞ்சலை. "ரெண்டு போதும்னு எனக்கும்தான் இருந்துது. அதுக்காக ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

மருத்துவர் அம்மா முயலின் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். தீனி கொடுத்தீர்களா என்றார். கொடுத்தோம், எடுத்துவிட்டோம் என்றேன். ஏன்? பத்தியத்துக்கு ஜெர்மனில் சொல் இல்லை. உணவுமுறை என்றேன், விரதம் என்றேன், மதமா என்று கேட்டார். இல்லை, மருத்துவம் என்றேன். அவர் கண்ணில் தெரிந்ததை நான் முன்பே பார்த்திருக்கிறேன்: சாமைக் கொல்லையிலிருந்து வந்த கிழவரின் கண். இவர்கள் இந்த உயிரை என்ன செய்ய வந்தவர்கள் என்ற பார்வை. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஊசி போட்டார். குடல் இன்னும் முழுதாக நிற்கவில்லை, இன்று வேலை செய்யத் தொடங்கவில்லை என்றால் கடினம் என்றார். தண்ணீரில் குழைத்த பச்சைநிறத் தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் எப்படி விடுவது என்று செய்து காட்டினார். பிறகு சிரிஞ்சை என்னிடம் நீட்டினார். அஞ்சலை குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"முயலுக்கு வேற வயிறுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் எடுக்கப்போறேன்?" என்றாள் என்னிடம். சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் துண்டு ஒன்றை விரித்து, மிளகை அதில் தலை மட்டும் தெரியும்படி சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டாள். அப்போது எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முகாமிலிருந்து வீட்டுக்குப் பேருந்து இல்லை. மாட்டு வண்டி கட்டினாலும் சாலை முழுவதும் மரம். அப்பா நடந்தே போய் அவர்களைக் கூட்டிவந்தார். அம்மா கையில் குழந்தை. தையல் போட்ட வயிற்றோடு அஞ்சலை, விழுந்துகிடந்த புளியமரங்களை ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். மாமனார் மருமகளைக் கைபிடித்துத் தூக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அது நடக்காது. தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவளிடம் போட்டார். அவர் மரத்தின்மேல் நின்று இழுக்க, அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாராம். இதை அப்பா மறியலின் கதையாகத்தான் சொல்லுவார், எத்தனை பெரிய மரங்கள் என்று வியப்பதற்காக.

"அன்னைக்கு மரம் தாண்டும்போது ஒரு வார்த்த கேட்டாரு உங்க அப்பா" என்றாள் அஞ்சலை, நான் எதையும் கேட்காமலே. சிரிஞ்சை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தாள். மிளகு ஒரு பாதியை விழுங்கி, மறுபாதியை அவள் கையில் துப்பியது. "'வலிக்குதாம்மா'ன்னாரு. அவ்ளோதான். அந்த வாரத்துல என்ன ஒருத்தரு கேட்டது அது ஒண்ணுதான்."

பகல் முழுவதும் இதே வேலை. குழைப்பாள், சுற்றுவாள், ஊட்டுவாள், வயிற்றைத் தடவுவாள், கீழே விடுவாள். சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. ஹெர் ப்ராண்ட். முயல் உயிரோடு இருப்பதை மருத்துவர் இடத்துக்கு நாங்கள் ஓடியபோது பார்த்திருக்கிறார். கையில் ஒரு கொத்து லோவென்ட்சான். மஞ்சள் பூப் பூக்கும், இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் செடி. சீக்காளி முயல் இதைத்தான் முதலில் தின்னும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"கொழுக்க வெக்கறதுக்குக் குடுக்கிறான்" என்றாள் அஞ்சலை. இலையை முகர்ந்து பார்த்தாள், கழுவினாள், ஒன்றைத் தன் பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து மிளகின் முன்னால் ஓர் இலையை வைத்தாள். திணிக்கவில்லை. சிரிஞ்சைத் தள்ளி வைத்திருந்தாள். "வேணுமா?" என்று கேட்டாள். மிளகு அசையவில்லை. "வேணாமா? சரி, வெச்சிக்கினு இருக்கேன்" என்றாள். மூக்கு ஆடியது. தலை சற்று நீண்டது. இலையின் நுனி ஒரு முறை இழுபட்டது, பிறகு இன்னொரு முறை, பிறகு கீறல் சத்தத்தோடு உள்ளே போகத் தொடங்கியது. காம்பு வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை. அன்றைக்கு விளக்கு போடுகிற நேரத்தில், சமையலறையிலிருந்து என்னைக் கூவி அழைத்தாள். துண்டின்மேல் மிளகு அளவே உள்ள கறுப்பு உருண்டை ஒன்று கிடந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினாள்.

தையல் பார்க்க மறுவாரம் போனோம். அதே காத்திருப்பு அறை, அதே நாற்காலிகள். மேசைப் பெண் அஞ்சலையைப் பார்த்து முன்புபோல் புருவம் சுருக்காமல், தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டாள்: "ஹாட் ஸீ கெஃப்ரெஸன்?" அஞ்சலை, "யா. கெஃப்ரெஸன்" என்றாள், கொஞ்சம் பொறுத்து, "உண்ட் கெஃப்ராக்ட்" என்று சேர்த்துக்கொண்டாள். தின்றாள், கேட்கவும் பட்டாள். அந்தப் பெண் உச்சரிப்புப் பிழை என்று எண்ணித் திருத்தினாள். அஞ்சலை தலையாட்டிச் சிரித்தாளே தவிர, மாற்றிச் சொல்லவில்லை.

கதவு திறந்தது. "மிலாகு வேலாயுதம்!" என்று கூப்பிட்டார்கள். நான் பெட்டியை எடுக்கக் குனிவதற்குள் அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாள். கோட்டுக்கு மேல் போட்டிருந்த சால்வையின் நுனியை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டாள். ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா நுழையும்போது அவள் எழுவதும் சரிசெய்வதும் இப்படித்தான். முறை வந்துவிட்டது என்று எழுந்தாளா, மாமனார் பெயர் காதில் விழுந்தது என்று எழுந்தாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பதற்குள், அவள் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை நான் பிடிப்பதற்காக நின்றாள்.